பென் டிரைவில் பாட்டு தீர்ந்த கதை

மொட்டப்பாறைப்பட்டியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு மைக் செட் வைத்திருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளையாவது இருக்கும் என்று ஊர் நம்பியது. அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை. மூத்தவன் சடையாண்டி. மற்றவர்கள் மொக்கராசு, இருளப்பன்.

அன்று சடையாண்டியின் கொழுந்தியாள் ஒச்சம்மா மகனுக்குக் காதுகுத்து. பத்து மணிக்குத் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வருவார். மனுஷன் ரோஷக்காரர். பாட்டுப் போட்டு வரவேற்காத வீட்டில் காலெடுத்து வைக்கமாட்டார். சடையாண்டி பாட்டுப் பெட்டியில் பென் டிரைவைச் செருகினான். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை.

"அத்தான், எங்கண்ணன் மட்டும் திரும்பிப் போகட்டும், அந்தக் குழாய் ஸ்பீக்கரை உங்க தலையிலயே மாட்டிருவேன்," என்றாள் ஒச்சம்மா.

சடையாண்டி யாரும் பார்க்காதபோது குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தான். அளவு சரியாகத்தான் இருந்தது.

பென் டிரைவ் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டான். "பத்திரமா கழட்டுங்க. நல்லாத் தொடைங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க," என்றார் அவர்.

பத்திரம் என்றால் பத்திரம். மொக்கராசு ஹெல்மெட் போட்டுக்கொண்டான். இருளப்பன் ஜமுக்காளத்தை விரித்துப் பிடித்தான். சடையாண்டி கழற்றினான். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

துடைத்தாயிற்று. அப்புறம் அந்த ஐந்து நிமிஷம். இருளப்பனிடம் மட்டும்தான் வாட்ச் இருந்தது. அதுவும் போன பொங்கலோடு நின்றுபோனது. மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலைப் பந்தி மூன்று முடிந்தது.

"இன்னும் ஒரு நிமிஷங்கூட ஆகலண்ணே," என்றான் இருளப்பன்.

கடைசியில் மொக்கராசு வாட்சின் சாவியைத் திருகி ஐந்து நிமிஷத்தைக் கடத்தினான். மாட்டினார்கள். பெட்டி அசையவே இல்லை.

"இதுல எத்தனை பாட்டுடா ஏத்துனோம்?" என்று சடையாண்டி கேட்டான்.

"இருநூறுண்ணே."

"நாலு வருஷத்துல எத்தனை விசேஷம்?"

மொக்கராசு எண்ணினான். கால்விரலும் பற்றவில்லை.

"எடுத்து எடுத்துப் போட்டா தீராம என்ன செய்யும்? கொஞ்சம் மிச்சம் புடிச்சிருக்கணும்டா."

மூவரும் தலைகுனிந்தார்கள். அநியாயமாகப் பெட்டியைத் திட்டிவிட்டோமே என்று சடையாண்டிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"சரி, அவசரத்துக்கு ஒரு பாட்டை ஏத்துவோம்," என்று பென் டிரைவை மொக்கராசின் வாயருகே பிடித்தான். சத்தம் ஆழமாக இறங்கட்டும் என்று மைக்கையும் சேர்த்தே பிடித்தான். மொக்கராசு தொண்டை கிழியப் பாடினான். நாலு குழாயும் ஊரே அதிர முழங்கின.

அதே நேரம் தெருமுனையில் சீர் வந்து நின்றது. தாய்மாமன் மீசையை முறுக்கினார். "அடேயப்பா, வரவேற்புன்னா இதுல்ல வரவேற்பு!" ஒச்சம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

பதறியது சடையாண்டிதான். "ஐயோ, நிறுத்துடா! ஒண்ணுகூட உள்ள போகலடா! பாட்டுப் பூராவும் குழாய் வழியா தெருவுல கொட்டுதுடா!"

அதுவும் குழாயில் கேட்டது. பாட்டு நின்றது. தாய்மாமன் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினார். ஒச்சம்மா கம்பத்தில் இருந்த குழாயைப் பார்த்தாள். சடையாண்டி தலையைத் தடவிக்கொண்டான்.

தாய்மாமன் தரையை உற்றுப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "செருப்பைக் கழட்டுங்கப்பா. எனக்குப் போட்ட பாட்டு கெடக்கு, யாரும் மிதிச்சிராதீங்க," என்றார்.

சீர்த்தட்டுகள் நுனிக்காலில் நடந்து வந்தன. முன்னால் இருளப்பன் விளக்குமாறும் சாக்குமாக, பாட்டை ஓரமாகக் கூட்டி அள்ளிக்கொண்டே போனான்.