யாருக்கும் தெரியாத இடம்

சொக்கன்விளைப் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பைப் போலச் சொன்ன சொல் தட்டாத வகுப்பு சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பிரிசில்லா டீச்சர் இளைத்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின நாள். வகுப்பின் மூலையில் சாக்கும் வைக்கோலுமாகக் குடில் கட்டியாயிற்று. பனி பெய்த மாதிரி மேலே பஞ்சு வைக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒரு துணுக்குப் பஞ்சு இல்லை.

"பஞ்சு எங்கப்பா?"

"வெயில் வந்துட்டு டீச்சர். அதான் பனியை எடுத்துட்டோம்" என்றான் டார்வின். வகுப்புத் தலைவன் அவன்தான்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் செய்துவிடுவார்களே என்ற பயம்.

குடிலில் மாதா இருந்தார், சூசையப்பர் இருந்தார், ஆடுமாடுகள் இருந்தன. தொட்டில் மட்டும் காலி. குழந்தை இயேசுவை முன்கூட்டியே வைக்கிற வழக்கமில்லை. சாயங்காலம் மணி அடித்ததும், பங்குச் சாமியார் முன்னால், பாட்டோடு வைக்க வேண்டும். வைக்கப்போகிறவள் பெனிலா. அட்டைச் சிறகும் வெள்ளைக் கவுனுமாக வந்தவள், கவுன் கசங்கிவிடும் என்று காலையிலிருந்து உட்காரவே இல்லை.

"மணி அடிக்கிற வரைக்கும் குழந்தையை யாருக்கும் தெரியாத இடத்துல பத்திரமா வைங்க" என்று சொல்லி, குழந்தை இயேசுவின் சின்னச் சுரூபத்தை டார்வின் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

வகுப்பு கூடி யோசித்தது.

"பீரோவுல வைப்போம்."

"அது டீச்சருக்குத் தெரியும்லே."

"கிணத்தடியில?"

"அது ஆயாவுக்குத் தெரியும்."

இஸ்மத் எதையும் ஆழமாகப் பார்க்கிறவள். "எங்க வச்சாலும் வைக்கிறவனுக்குத் தெரிஞ்சிருமே" என்றாள்.

நியாயமான சந்தேகம். எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் பெனிலா தன் ரிப்பனை அவிழ்த்து நீட்டினாள். "கண்ணைக் கட்டிக்கிட்டு வை."

மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். டார்வின் தடவித் தடவிப் போனான், வெறுங்கையோடு திரும்பினான்.

"எங்கலே வச்ச?"

"தெரியாது."

வகுப்பே கைதட்டியது.

டீச்சர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை பத்திரமா இருக்கா?"

"ரொம்பப் பத்திரம் டீச்சர். எங்களுக்கே தெரியாது."

டீச்சர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். குழந்தை இல்லாவிட்டால் தனக்கும் வைக்க ஒன்றுமில்லை என்பது பெனிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உதடு பிதுங்கி, கண் நிறைந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

பீரோவைக் கவிழ்த்துத் தேடினார்கள். சத்துணவு அரிசியைக் கொட்டித் தேடினார்கள். எங்கும் இல்லை. ஓய்ந்துபோன டீச்சர் தொட்டில் வைக்கோலைச் சும்மா ஒதுக்கிவிட்டார். உள்ளே குழந்தை சிரித்துக்கொண்டு கிடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு போனவன் கைக்கு மெத்தென்று பட்ட இடம் அது ஒன்றுதான்.

"அப்பாடா! நான் போய்ச் சாமியாரைக் கூட்டிட்டு வரேன்" என்று டீச்சர் ஓடினார். பெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிறகைச் சரிசெய்தாள்.

இஸ்மத் முகம் மட்டும் தெளியவில்லை. "மணி அடிச்சாச்சா?"

"இல்லையே."

"ஆனா இப்ப இந்த இடம் எல்லாருக்கும் தெரிஞ்சிட்டே."

வகுப்பு திடுக்கிட்டது. டீச்சர் சொல்லை மீறி இவ்வளவு நேரம் சும்மா இருந்திருக்கிறோமே!

"இந்தத் தடவை டார்வின் வேண்டாம். அவன் தெரியுற இடமாப் பார்த்து வைக்கிறான்."

"நானே வைக்கிறேன்" என்று பெனிலா ரிப்பனை வாங்கிக் கண்ணில் கட்டிக்கொண்டு, குழந்தையோடு கிளம்பினாள். மற்றவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள்.

மணி அடித்தது. சாமியார் வந்தார், பின்னாலேயே டீச்சரும் வந்தார். சுவரைப் பார்த்தபடியே வகுப்பு பாட்டைப் பிசகில்லாமல் பாடி முடித்தது.

சாமியார் காலித் தொட்டிலைப் பார்த்தார். "குழந்தை எங்கே?"

"பெனிலாகிட்ட இருக்கு, சாமி."

"பெனிலா எங்கே?"

திரும்பச் சொல்லி யாரும் சொல்லாததால் திரும்பாமலே, வகுப்பு மொத்தமும் பெருமையோடு கத்தியது:

"யாருக்கும் தெரியாது, சாமி!"