கூஜாவுக்கு முதல் வெந்நீர்

அந்தக் காலத்தில் காக்கை குருவி மட்டுமா பேசியது? சட்டி பானையும் பேசியது. மலையடிவாரத்தில் அப்போது வீராத்தா என்றொருத்தி இருந்தாள். அநியாயம் என்றால் யாரையும் விடமாட்டாள். காலைக் கஞ்சி ஊற்றாமல் களையெடுக்கச் சொன்ன தோட்டக்காரியை, ஊரைக் கூட்டி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டவள்.

அவள் புருஷன் சடையன் மலை உச்சியில் ஆட்டுப்பட்டி போட்டிருந்தான். ஒரு மார்கழியில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இறங்கி வர முடியவில்லை. அங்கே விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் அடுப்பு மூட்டவும் வழியில்லை. "சுடச்சுடத் தேயிலைத் தண்ணி உள்ளே போனால்தான் பிழைப்பான்" என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

வீராத்தா சந்தைக்கு ஓடினாள். பித்தளைக் கூஜா ஒன்று தகதகவென்று மின்னியது.

"என்னைய எடுத்துக்க ஆத்தா! எந்த மலை ஏறினாலும் சூடு இம்மியும் குறையாது" என்று சத்தியம் செய்தது.

நம்பி வாங்கி, கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றிக்கொண்டு மலை ஏறினாள். வழியெல்லாம் அது அவள் கையைச் சுட்டுக்கொண்டே வந்தது. உச்சியில் ஊற்றிப் பார்த்தால் ஆறி அவலாய்ப் போயிருந்தது.

"அடப் பொய்யி! என் கைக்குக் குடுத்த சூட்டை அவருக்குக் குடுத்தா என்ன?"

"மூடி சரியில்ல ஆத்தா" என்றது பித்தளை, கொஞ்சமும் கூசாமல்.

அன்றைக்கே தடித்த மண் கூஜா ஒன்றை வாங்கி வந்து வாசலில் வைத்தாள். அது சத்தியமும் பண்ணவில்லை, சவடாலும் அடிக்கவில்லை. விடிந்ததும் பனியில் கிடந்ததை அவசரமாக எடுத்து, கொதிக்கிற தேநீரை ஊற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினாள். போய் ஊற்றினால் வெதுவெதுப்பு! சடையன் பல் கிடுகிடுக்க ஒரு வாய் குடித்துவிட்டு, "போதும் புள்ள" என்று சுருண்டுகொண்டான்.

வீராத்தாவுக்கு வந்ததே கோபம்! கூஜாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறையில் அடிக்கப் போனாள். அப்போதுதான் அது வாயைத் திறந்தது.

"உடை, நல்லா உடை! ராத்திரி பூராப் பனியில போட்டியே, எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு வார்த்தை கேட்டியா? வெறைச்சுக் கிடந்தவ வயித்துல தேத்தண்ணிய ஊத்தினா, முதல்ல நான் குளிர்காய மாட்டேனா? எனக்குன்னு ஒரு வாய் வெந்நீர் ஊத்தியிருந்தா, உன் புருஷன் பங்குல நான் ஏன் கை வைக்கிறேன்? வெறும் வயித்தோட வேலை வாங்குறது தோட்டக்காரி செஞ்சா மட்டும்தான் அநியாயமா?"

தூக்கிய கை அப்படியே நின்றது. வீராத்தாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூஜாவை அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். முதலில் கூஜாவுக்கு வெந்நீர் ஊற்றிச் சுழற்றினாள். அதன் வயிறு கதகதக்கும்வரை பொறுத்திருந்து கொட்டிவிட்டு, அப்புறம் தேநீரை ஊற்றிக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சடையன் வாயில் வைத்தான்.

"அடியே! நாக்கு வெந்துபோச்சு!"

காய்ச்சல் கண்டதிலிருந்து அவன் சத்தம் போட்டதே அப்போதுதான். வீராத்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று முதல்தான் கூஜாவானாலும் கிளாஸானாலும் தேநீருக்கு முன்னால் அதற்கு வெந்நீர் காட்டும் வழக்கம் வந்தது. டீக்கடை மாஸ்டர் கிளாஸில் வெந்நீரைச் சுழற்றிக் கொட்டும்போது, கழுவுகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்? வேலைக்குப் போகிறவளுக்கு ஊற்றுகிற காலைக் கஞ்சி அது.