மந்திரிக்கு முன்னால் ஓர் அடி

ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் இருந்த ஒரு காலத்தில், விசயகேது என்ற அரசன் ஒரு நாட்டை ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எங்கோ ஒன்று நடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், அது அன்றைக்கே தன் நாட்டிலும் நடக்க வேண்டும் என்பான்.

கடல் கடந்து போய் வந்த மிளகு வியாபாரி ஒருவன் சபைக்கு வந்தான். தான் பார்த்த தேசத்தில் மந்திரியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வாசற்படியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான், அரசன் எழுந்து நின்றுவிட்டான்.

"நம் நாட்டிலும் தேர்தல் நடக்கும். முதல் மந்திரி யார் என்பதை மக்களே சொல்லட்டும்."

முதல் மந்திரி பூபாலராயருக்கு இது பிடிக்கவில்லை. பெரிய ஏரியின் மதகு அவர் கையில் இருந்தது. அவர் பதவிக்கு வந்த பிறகு கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போனதில்லை. ஏன் என்று கேட்டால் மழை குறைவு என்பார். மக்கள் தம்மைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"பூபாலராயரை எதிர்த்து நிற்பவர் யார்?" என்று அரசன் கேட்டான்.

படைத்தலைவர் தன் வாளைத் துடைக்கத் தொடங்கினார். அரண்மனைப் பண்டிதர் கூரையைப் பார்த்தார். இரண்டு பேரும் மந்திரியின் ஆட்கள்.

பூபாலராயரின் கண் விகடகவி நகைமுத்துவின் மேல் போய் நின்றது. போன வாரம்தான் அவன், "மந்திரியார் தூங்கும்போதுகூடத் தலைப்பாகையைக் கழற்ற மாட்டார். எழுந்ததும் தான் யாரென்று தெரிய வேண்டாமா?" என்று சொல்லி அரசனை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்திருந்தான். அந்தச் சிரிப்பு மந்திரியின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அரசே, நகைமுத்து நிற்கட்டும். தோற்றவர் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கட்டும். அப்போதுதான் இதை யாரும் விளையாட்டாக நினைக்க மாட்டார்கள்."

"ஆகட்டும்," என்றான் அரசன்.

நகைமுத்து கும்பிட்டான். "அப்படியே, அரசே. ஆளுக்கொரு பானை வைத்து முன்னால் திரை கட்டிவிடலாம். ஒவ்வொருவராகத் திரைக்குள் போய் வேண்டியவர் பானையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டு வரட்டும்."

"ஒளிந்து செய்வது நல்ல குடிமக்களுக்கு அழகா?" என்றார் பூபாலராயர். "கோட்டை மைதானத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கட்டும். யார் பின்னால் மக்கள் அதிகம் நிற்கிறார்களோ அவரே மந்திரி."

அரசனுக்கு இது வீரமாகப் பட்டது. அப்படியே எழுதி முத்திரை வைத்து, ஊரெங்கும் பறையறைவித்தான்.

மந்திரியின் ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். பச்சைத் துண்டு கொடுத்தார்கள். வீட்டுக்கொரு பசு, பசுவுக்கொரு தொழுவம், தொழுவத்துக்கொரு விளக்கு என்று வாக்குக் கொடுத்தார்கள். போகும்போது வாசலில் நின்று மெதுவாக, "எங்க ஐயா பின்னால நிக்காதவங்க வயலுக்கு மதகு திறக்காது, பாத்துக்கங்க," என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நகைமுத்துவிடம், "நீ என்னப்பா தருவே?" என்று சந்தையில் சிலர் கேட்டார்கள்.

"மந்திரியார் தர்றதையெல்லாம் நானும் தர்றேன். முதல்ல அவர் தரட்டும்," என்றான் அவன். சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்கள் தோளிலும் பச்சைத் துண்டுதான் இருந்தது.

கடைமடையில் பயிர் வைத்திருந்த செங்கமலம் என்ற பெண் அவனைத் தேடி வந்தாள். தலை நிமிரவில்லை.

"அண்ணே, மனசு பூரா உங்க பக்கந்தான். ஆனா நாத்து காயுது. அவர் பின்னாடி நிக்கலேன்னா இருக்கிறதும் போயிடும். என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிக்க என்னம்மா இருக்கு? தாராளமா அவர் பின்னாடியே நில்லு. ஊரையும் கூட்டிக்கிட்டு வா. ஒருத்தர் விடாம நிக்கணும்."

அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனாள் அவள்.

வீட்டில் அவன் மனைவி குழல்மொழி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "எந்த நாட்டுக்குப் போறோம்னாவது சொல்லுங்க. குளிர் நாடுன்னா போர்வை வைக்கணும்."

நகைமுத்து சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை. பிறந்த மண், இவளைக் கைப்பிடித்த ஊர். "என் செருப்பை மட்டும் மூட்டையில வெச்சிடாதே. நாளைக்குக் கொஞ்சம் நடக்கணும்," என்றான்.

மறுநாள் கோட்டை மைதானம் நிரம்பி வழிந்தது. பூபாலராயர் நடுவில் நின்றார். ஈட்டிக்காரர்கள் ஓரமாக நின்று முகம் முகமாகப் பார்த்தார்கள். பேரிகை முழங்கியதும் ஊர் முழுவதும் தலையைக் குனிந்தபடி மந்திரியின் பின்னால் போய் நின்றது. குழல்மொழிகூட, கணவன் சொல்லியிருந்தபடி, அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். நகைமுத்துவின் பின்னால் ஒரு காக்கைகூட இல்லை.

"முடிவைச் சொல்லலாமா?" என்றான் அரசன்.

"ஒரு நொடி, அரசே." நகைமுத்து நிதானமாக நடந்து வந்து, பூபாலராயருக்கு நேர் முன்னால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "இப்போது சொல்லுங்கள். என் பின்னால் யார் யார் நிற்கிறார்கள்?"

அரசன் எட்டிப் பார்த்தான். "எல்லோரும் நிற்கிறார்கள்."

"மந்திரியார் பின்னால்?"

"எல்லோரும்."

"என் பின்னால் மந்திரியாரும் சேர்ந்து நிற்கிறார். ஆக, எனக்கு ஒன்று அதிகம்."

"இது மோசடி," என்று கத்தினார் பூபாலராயர்.

"தங்கள் ஆணையில் 'பின்னால்' என்றுதான் இருக்கிறது, அரசே. 'ஒட்டினாற்போல் பின்னால்' என்று இல்லை."

அரசன் ஓலையை வாங்கிப் பார்த்தான். உண்மைதான்.

பூபாலராயர் விடுவாரா? சட்டென்று நகைமுத்துவைத் தாண்டி அவன் முன்னால் போய் நின்றார். நகைமுத்து அவரைத் தாண்டினான். அவர் இவனைத் தாண்டினார். "ஐயா பின்னால போங்க, விடாதீங்க," என்று ஈட்டிக்காரர்கள் விரட்ட, ஊரே நகர்ந்தது. போட்டியை நடுவர் இல்லாமல் விடக்கூடாது என்று அரசனும் பல்லக்கில் ஏறிக் கடைசியில் வந்தான். நகைமுத்து முன்னால் வரும்போதெல்லாம் கொஞ்சம் இடதுபுறமாகத் திரும்பினான். மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்த மந்திரிக்கு, எந்தத் தெருவில் போகிறோம் என்பதே தெரியவில்லை.

ஓர் உயரமான மதிலின் வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அது அவருடைய சொந்தத் தோட்டம். பூபாலராயர் அப்படியே நின்றுவிட்டார்.

நகைமுத்து கதவைத் தள்ளி உள்ளே ஓர் அடி வைத்தான். "நான் முன்னால் இருக்கிறேன், மந்திரியாரே. தாங்கள் வரவில்லையா?"

போனால் ஊர் பின்னாலேயே வரும். போகாவிட்டால் பதவி போகும். அவர் முடிவெடுப்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் நிற்க முடியாமல் மோதி, அவரைத் தோட்டத்துக்குள் தள்ளிவிட்டது.

உள்ளே வாழை தலைக்கு மேல் நின்றது. தாமரைக்குளம் ததும்பியது. ஏரியிலிருந்து நேராக வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. செங்கமலம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தண்ணீரைக் கையில் அள்ளினாள்.

"மழை குறைவுன்னாங்களே," என்று சொன்னாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பச்சைத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டார்கள்.

அரசன் பல்லக்கிலிருந்து இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"அரசே, இது வேலைக்காரர்கள் எனக்குத் தெரியாமல் செய்தது," என்றார் பூபாலராயர். "மக்கள் என்னை நேசிக்கிறார்கள். தாங்களே பார்த்தீர்களே, ஊரே என் பின்னால் நின்றது."

"நேசம்தானா என்பதைத் திரை கட்டிப் பார்த்துவிடலாம்," என்றான் நகைமுத்து.

வாய்க்கால் அன்றே அடைக்கப்பட்டது. மறுவாரம் பானைகள் வைத்துத் திரையும் கட்டினார்கள். ஈட்டிக்காரர்களும் ஈட்டியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். முடிவில் நகைமுத்துவின் பானை நிரம்பிக் கற்கள் தரையில் சிதறிக் கிடந்தன. பூபாலராயரின் பானையைக் கவிழ்த்தபோது ஒரே ஒரு கல் உருண்டு வந்தது.

படைத்தலைவர் அவர் காதருகே குனிந்தார். "அது நான் போட்டது, பிரபு."

பண்டிதர் மறு காதில், "அந்த ஒற்றைக் கல் அடியேனுடையது," என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மைத்துனர் ஓடி வந்தார். "அத்தான், ஊரே கைவிட்டாலும் நான் விடலே. அந்தக் கல்லு என்னோடது."

பூபாலராயர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் போட்டது அவரேதான்.

பக்கத்தில் நின்ற அரசனுக்கு எல்லாம் கேட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றி நகைமுத்துவின் கழுத்தில் போட்டான். "நீயே முதல் மந்திரி. வேறு என்ன வேண்டும், கேள்."

"தோற்றவர் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள், அரசே. பூபாலராயர் எனக்கு வேண்டும். சபையில் எனக்கு எதிரே அவருக்கு ஓர் ஆசனம் போடுங்கள்."

பூபாலராயர் திகைத்தார். "எதிரே உட்கார்ந்து நான் என்ன செய்வது?"

"நான் செய்வதில் தப்பு எங்கே என்று தேடிச் சொல்லுங்கள். எங்கெங்கே திருடலாம் என்று தங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?"

மறுநாள் சபை கூடியது. புதிய மந்திரி எழுந்து, "அவையோருக்கு வணக்கம்," என்றான்.

எதிர் ஆசனத்தில் பூபாலராயர் எழுந்தார். "தவறு. அரசருக்கு அல்லவா முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்?"

நகைமுத்து திரும்பி அரசனை வணங்கினான். அரசன் சிரித்த சிரிப்பில் சபையில் அன்று வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. ஆனால் மதகு திறந்துதான் இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.