நாங்குக்குப் பிடித்த குடை

மலையடிவார நாற்றுப்பண்ணைக்குப் புதிதாக வந்த மேலாளர் கோதண்டபாணி, இந்த வருஷத்தில் மூன்றாவது ஆள். வந்த அன்றே நாற்றுகளைப் பார்த்துக் கத்தினார்.

"வேங்கை முழ உயரம் வளர்ந்திருக்கு. இந்த நாங்கு மரக் கன்று மட்டும் ஏன் விரலளவு? நிழல் வலை போட்டுச் சோம்பேறியாக்கிட்டீங்க. கழற்று!"

தண்ணீர் ஊற்றும் செவந்திக்கு அலுத்துப்போனது. முந்தைய இரண்டு பேருக்கும் இதே பாடம்தான் சொல்லியிருந்தாள்.

"சார், வேங்கை வெயில் கேக்கும். நாங்கு பெரிய மரத்தடியில மெதுவா வளர்ற ஜாதி. இப்ப வெயில்ல விட்டா கருகிடும்."

"எனக்கே சொல்றியா? கழற்று, இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"சரி சார். பக்கத்துல நின்னு பாருங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே சொல்வீங்க."

உச்சி வெயிலில் அவர் நின்றார். செவந்தி ஒவ்வொரு முடிச்சாக, அவசரமே இல்லாமல் அவிழ்த்தாள். முதல் வரிசை திறப்பதற்குள் அவர் சட்டை நனைந்து, தலை சுற்றியது.

"ஏம்மா, சீக்கிரம் ஒரு குடை கொண்டா!"

ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். விரித்து, திறந்து கிடந்த நாங்குக் கன்றுகளுக்கு மேல் பிடித்தாள்.

"எனக்குக் கேட்டேன்!"

"உங்களுக்கு ஐம்பது வயசு, சார். அரை மணி நேரம் தாங்கல. இதுக்கு நாப்பது நாள்தான் ஆகுது."

களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கோதண்டபாணி முகத்தைத் துடைத்தார்.

"வலையைக் கட்டித் தொலை," என்று சொல்லிவிட்டு நிழலைத் தேடி நடந்தார்.