வெள்ளை ஆணி

கோட்டைக் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்ய முடியவில்லை. நாளை மாலை பகைப்படை வந்தால் கோட்டை போய்விடும்.

தெய்வநாயகம் இதைப் புலம்பிக்கொண்டே கிணற்றடிக்கு ஓடி வந்தார்.

கிணறு இருப்பது 'உலைக்களம்' என்ற விளையாட்டுக்குள். ஓடி வந்ததும் அதற்குள்தான். வெளியே, திருவாரூரில், கைப்பேசியும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கிணற்றடியில் குரு. ஆணா பெண்ணா, என்ன வயது, யாருக்கும் தெரியாது. அந்த விளையாட்டில் அவரைவிடப் பழைய ஆள் கிடையாது. உடுத்தியிருந்ததோ முதல் நாள் எல்லோருக்கும் கிடைக்கும் சாக்குத்துணி.

"சாமி, இந்த விளையாட்டே மோசடி."

"அப்ப ஆடாதே. போ."

போகவில்லை. போக முடியாது.

மகள் நித்திலா வேலைக்கு மஸ்கட் போய்விட்டாள். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் "சாப்பிட்டியா"வுக்கு மேல் வார்த்தை வராது. அப்பாவும் மகளும் தினமும் மாலை சேர்ந்திருப்பது அந்தக் கோட்டை முற்றத்தில்தான். விழுந்த கோட்டையை விளையாட்டு அழித்துவிடும். மறுபடி கட்ட அவளுக்கு நேரமில்லை.

"என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல சாமி. விண்கல் இரும்பு இருக்கு, தங்க நிறம். யாளித் தோல் இருக்கு, அதுவும் தங்கம். பட்டறையில போட்டா, வெள்ளை ஆணி ஒண்ணு வேணுங்குது."

வெள்ளை என்றால் சாதாரணம். அதற்கு மேல் பச்சை, நீலம், ஊதா. உச்சியில் தங்கம். நிறம் ஏற ஏறக் கிடைப்பது அரிது. இவ்வளவுதான் சட்டம். இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

"போட வேண்டியதுதானே?"

"இல்லையே!"

"சந்தையில?"

"தங்கக் கத்தி வரிசையாத் தொங்குது. ஆணி ஒண்ணுகூட இல்ல. விளையாட்டு எனக்குத் தரவும் தராது. புதுசா வர்றவனுக்குத்தான் வெள்ளை ஆணி விழுமாம்."

"புதுக் கணக்கு தொடங்கு."

"ஆளுக்கு ஒரு கணக்குதான் சாமி. இதை அழிச்சா கோட்டையும் சேர்ந்து போகும்."

தெய்வநாயகம் இடுப்பிலிருந்த தங்கக் கத்தியை உருவி நீட்டினார்.

"இதை வச்சுக்கிட்டு ஒரு ஆணி கொடுங்க."

குரு வாங்கினார். முதுகைச் சொறிந்துகொண்டார். திருப்பிக் கொடுத்தார்.

"புதுசா வர்றவங்க இந்த வழியாத்தான் வருவாங்க. நின்னு கேளு."

ஒருவன் வந்தான்.

"தம்பி, வெள்ளை ஆணி இருக்கா?"

"இருந்துச்சுண்ணே. நசுக்கிட்டேன்."

ஒரு பெண் வந்தாள். அவளும் நசுக்கிவிட்டாள்.

இன்னொருவன் வந்தான். "விழுந்த உடனே தானா நசுங்கற மாதிரி வச்சுட்டேன்" என்றான், பெருமையாக.

"ஏன்யா எல்லாரும் அதையே பண்றீங்க?"

அவன் கிணற்றுச் சுவரைக் காட்டினான். அங்கே ஒரு பலகை.

'புதியவர்களுக்கு: வெள்ளையைச் சேர்த்து வைப்பவன் முட்டாள். நசுக்கித் தூளாக்கு. தூள்தான் நிறம் ஏற்றும். இப்படிக்கு, கோட்டைத் தலைவன் தெய்வநாயகம்.'

"நீங்கதானே இது? ரொம்ப உபயோகமா இருந்துச்சுண்ணே."

அவன் போய்விட்டான்.

தெய்வநாயகம் பலகையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"சரியாத்தானே எழுதியிருக்கேன்? தூள் வேணுமில்ல?"

"வேணும்."

"அப்ப என் மேல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொன்னேனா? கத்தாதே. தலை வலிக்குது."

"ஒரு வழி சொல்லுங்க சாமி."

குரு வாளியை இறக்கினார். தண்ணீர் இழுத்தார். அதை அப்படியே தெய்வநாயகத்தின் தலையில் கவிழ்த்தார்.

"உன் பேச்சைக் கேக்காத ஆள் யாராவது உண்டா?"

"இந்த விளையாட்டிலயா? ஒருத்தர் கிடையாது. தேடி வந்து கேப்பாங்க."

"விளையாட்டிலன்னு நான் சொன்னேனா?"

தெய்வநாயகம் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

எதிர் நாற்காலியில் மனைவி கஸ்தூரி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். போன பொங்கலுக்கு வந்தபோது நித்திலா அம்மாவின் போனிலும் உலைக்களத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அம்மா முதல் ஊரைத் தாண்டவே இல்லை. அங்கேயே பூப் பறித்துக்கொண்டு திரிவதோடு சரி.

"உன் போனைக் கொடு. விளையாட்டுல உன் பையைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"கொடேன்!"

திறந்தார். வாடிய பூ. உடைந்த சட்டி. கயிறு. ஆணி. ஆணி. பை கொள்ளாமல் ஆணி.

"இதையெல்லாம் நசுக்குன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

பழக்கதோஷம். வாய் முந்திவிட்டது.

"ஆமா, சொன்னீங்க" என்றாள் அவள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்ல ஆணியைப் போய் யாராவது நசுக்குவாங்களா?"

மறுநாள் மாலை பகைப்படை வந்தது. கதவை முட்டியது. இன்னொரு தடவை முட்டியது. வசை பாடிவிட்டுத் திரும்பிப் போனது.

நித்திலா முற்றத்தைக் கடந்து கதவருகே வந்தாள். தங்க நிறத்தில் எதைச் செய்தாலும், குறைந்த பொருளைக் கொடுத்தவர் பெயரை விளையாட்டு அதில் பொறித்துவிடும். அவள் குனிந்து தாழ்ப்பாளில் அப்பா பெயரைத் தேடினாள்.

இல்லை.

கஸ்தூரி என்று இருந்தது.