என்ன ஆளுங்க?

எல்லாத் தரப்புப் பிள்ளைகளையும் கலந்து பழக வைக்கிற மாணவருக்கு ஒரு விருது கொடுப்பார்கள், அந்தப் பல்கலைக்கழகத்தில். கூடவே விடுதியில் இலவச இடமும் உண்டு. அந்த இடம் கிடைக்காவிட்டால், விருதுக்கு விண்ணப்பித்திருந்த மாணவி கொளஞ்சி படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தேர்வுக் குழுத் தலைவர் டீன் தில்லைநாயகம் சாய்ந்து உட்கார்ந்தார். "எல்லாரையும் ஒரே மேசையில சாப்பிட வச்சேங்கிற. யார் யார் என்ன ஆளுங்கன்னு சொல்லு பார்ப்போம். அது தெரியாம, கலந்தாங்கன்னு நான் எப்படி நம்புறது?"

சொன்னால் சாதி விசாரித்தவள் என்று விருது போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

"எனக்கு அவங்க பேருதான் தெரியும் ஐயா," என்றாள் கொளஞ்சி, ரொம்பப் பணிவாக. "எல்லாரும் வாசல்லதான் நிக்கிறாங்க. ஐயாவுக்குத்தான் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுமாமே?"

ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பின்னே!" என்று கதவைத் திறந்தார். இவன் இன்ன ஆள், அவள் இன்ன ஆள் என்று விரலை நீட்டி நீட்டிக் கடகடவென்று ஒப்பித்தார். தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த குழு உறுப்பினர் மரகதவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

"கலந்தாங்கன்னு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க, விருது கொளஞ்சிக்குத்தான். உங்களுக்கு எதுக்கு சார் இந்த டீன் வேலை? கல்யாணத் தரகுக்குப் போங்க, ஓகோன்னு வருவீங்க!"