தோளுக்குப் பின்னால் ஒரு கூடு

குரு என்றதும் தாடியையும் சடையையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் ஜெஸிந்தா டீச்சர். பூவாணிகுளம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவர். மிச்ச நேரமெல்லாம் குளக்கரையில் நின்று பறவை பார்க்கிறவர்.

சீடருக்கு அறுபது நெருங்குகிறது. பெயர் பலவேசம், தொழில் மைக் செட். அக்கம்பக்கத்தில் கோவில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் அலறும். எதையும் வாட்ஸில் அளந்தே பழகிய மனுஷர். வாட்ஸ் கூடினால் நல்ல சாமான், குறைந்தால் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி.

இருவரும் அறிமுகமானதே சண்டையில்தான். பறவை வந்திருக்கிறது, ஸ்பீக்கரைக் குளத்துப் பக்கம் கட்டாதீர்கள் என்று டீச்சர் கேட்டார். பலவேசம் மல்லுக்கு நின்றார். டீச்சர் தன் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். அதற்குள் என்ன தெரிந்ததோ, அன்றைக்கே ஸ்பீக்கர் வேறு பக்கம் திரும்பியது. மறுநாளிலிருந்து டீச்சர் எந்தக் கரையில் நின்றாலும் பின்னால் பலவேசமும் நின்றார். ஊர் சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை.

அந்த வருஷம்தான் குளத்தின் நடுத்திட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் முதன்முதலாகக் கூடு கட்டின. அந்த வருஷம்தான் அந்த மரங்களுக்கு ஏலமும் வந்தது. ஏலம் முடிந்தால் மரம் அறுக்கும் வாள் இறங்கும். மரத்தோடு கூடும் விழும்.

டீச்சர் ஏல அதிகாரியைப் போய்ப் பார்த்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. பைனாகுலரைக் கூட வாங்கிப் பார்த்தார்.

"குஞ்சு இருக்குதும்மா, நான் பார்த்துட்டேன். ஆனா நான் பார்த்து என்ன பிரயோஜனம்? தள்ளி வைக்கணும்னா மேல எதையாவது காட்டணும். படம் கொண்டு வாங்க."

பலவேசத்துக்குக் கை பரபரத்தது.

"டீச்சர், பரிசல்ல போயி செல்லுலயே எடுத்துட்டு வந்துரட்டா?"

"நீங்க போனா தாய் பறந்துரும் அண்ணாச்சி. தாய் பறந்தா காக்கா வந்துரும்."

"அப்ப கரையில நின்னே எடுக்கணும். ரொம்ப தூரம் போற கேமரா எது டீச்சர்? நான் வாங்குதேன்."

டீச்சர் சொன்னார்: "டவுனுக்குப் போவோம்."

டவுனில் கடைக்காரர் கையடக்கமான கேமராக்களாக எடுத்துப் பரப்பினார். பலவேசம் ஒவ்வொன்றையும் கையில் வாங்காமலே கேட்டார்.

"இது எத்தனை?"

"முப்பது மடங்கு ஜூம்."

"இது?"

"அறுபது. இதைவிடப் பெரிய ஜூம் இந்தக் கடையில கிடையாது அண்ணாச்சி."

"பிறகென்ன, அதைக் கட்டுங்க."

"கட்டுறதுக்கு முன்னாடி ஒரு புறா காட்டுங்க," என்றார் டீச்சர்.

எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. பலவேசம் அறுபதையும் முழுசாக நீட்டிக்கொண்டு கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார். திரையில் வெறும் நீலம். கொஞ்சம் அசைத்தார். சிமெண்டுச் சுவர். இன்னும் கொஞ்சம் அசைத்தார். ஒரு கேபிள் வயர் திரையின் குறுக்கே பாம்பு மாதிரி ஓடி மறைந்தது. போதாக்குறைக்கு வெயில் பட்டுத் திரையே கண்ணாடி ஆகிவிட, அதில் அவர் மீசைதான் தெரிந்தது.

"புறா பறந்துட்டு போல."

"அங்கனதான் இருக்கு," என்றார் கடைக்காரர், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

பலவேசத்துக்குத் தலை கிறுகிறுத்தது. கேமராவைக் கீழே வைத்தார்.

டீச்சர் முப்பதை எடுத்தார். அதில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சிறு துவாரம் இருந்தது. கடைக்காரரிடம் அவர் கேட்ட கேள்விதான் அந்த மனுஷரைத் திகைக்க வைத்தது.

"இது எவ்வளவு கிட்ட இருக்கிறதை எடுக்கும்? இந்த மூலையில நின்னா கடை முழுசும் விழுமா?"

"ஜூம் கேமரா வாங்க வந்தவங்க இதைக் கேட்டதே இல்லியே டீச்சர்!"

விழுந்தது. கடைக்காரர், அலமாரி, கல்லா, சுவர்க் கடிகாரம், வாசலில் முறைத்துக்கொண்டு நின்ற பலவேசம், அவர் தலைக்கு மேல் தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியில் பொட்டு மாதிரிப் புறா. டீச்சர் கேமராவை அப்படியே பலவேசத்தின் கையில் கொடுத்தார்.

"புறா தெரியுதா?"

"தெரியுது. எள்ளு கணக்கா."

"அதை விட்டுராம மெதுவா இழுங்க."

இழுத்தார். தொட்டி வளர்ந்தது. புறா வளர்ந்தது. கடைசியில் புறாவின் கழுத்துப் பச்சை வரைக்கும் தெரிந்தது.

முப்பதைத்தான் வாங்கினார்கள். ஆனால் பஸ்ஸில் வரும்போது பலவேசத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பாதி வாட்ஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிற அவமானம் அவருக்கு.

அந்த அவமானம் இரண்டு நாளில் பறந்து போனது. மடையில் கிடந்த கல்லில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, அவர் கேமராவில் ஒரு குஞ்சை எடுத்தார். படம் முழுக்கக் குஞ்சுதான். பஞ்சு ரோமமும், இன்னும் அலகு வளையாத மூஞ்சியும், கண்ணில் ஒரு துளி வெளிச்சமும். பலவேசம் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். தன் பேத்தி பிறந்தபோது கூட இப்படி ஆகவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். இனி ஏலமாவது ஒன்றாவது என்று நேரே அதிகாரியிடம் போனார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். பக்கத்தில் மர வியாபாரி தங்கப்பாண்டியும் எட்டிப் பார்த்தார். ஏலத்தில் மரத்தை எடுக்கப் போகிறவர் அவர்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"அருமையா இருக்கு பெரியவரே," என்றார் அதிகாரி. "இது எந்தக் குளம்?"

"என்ன சார் இப்படிக் கேக்கிய? நம்ம குளம்தான்."

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மேல இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

தங்கப்பாண்டி தன் செல்போனை எடுத்து நீட்டினார். அதில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்து நின்றது.

"பாத்தியளா அண்ணாச்சி, எங்கிட்ட சிங்கமே இருக்கு. அதுக்காக பூவாணிகுளத்துல சிங்கம் திரியுதுன்னு சொல்ல முடியுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பலவேசம் கேமராவை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். மறுநாள் காலையில் ஏலம். அவருக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை டீச்சரிடம் கொண்டு போய் இறக்கினார்.

"அறுபதை வாங்கியிருந்தா குஞ்சோட கண்ணுக்குள்ளயே போயிருப்பேன் டீச்சர். உங்க பேச்சைக் கேட்டு மோசம் போனேன்."

டீச்சர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கிய அண்ணாச்சி. இதுல நீங்க எங்க?"

"நான் எப்படி இதுல இருப்பேன்? கேமராவுக்குப் பின்னாலல்லா நிக்கேன்."

"அந்த அதிகாரி எங்க?"

"அவரு எதுக்கு இதுல?"

டீச்சர் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார். பலவேசம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் குளக்கரையில் மேசை போட்டாயிற்று. அதிகாரி வந்தார், வியாபாரிகள் வந்தார்கள், வேடிக்கை பார்க்க ஊரும் வந்தது. ஏலம் கூவ மைக் செட் வேண்டுமே, பலவேசத்தைத்தான் பிடித்திருந்தார்கள். அவரும் ஒரு வார்த்தை முனகாமல் வயர் இழுத்து, மைக் வைத்து, "ஹலோ... ஹலோ..." என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தன் கூட்டுக்குத் தானே உலை வைக்கிறாரே இந்த மனுஷர் என்று டீச்சரே நினைத்துவிட்டார்.

பலவேசம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் வயர் மாட்டாமல் தூக்கி வந்தார். மேசைக்கு எதிரே கொஞ்ச தூரத்தில் அதை நட்டமாக நிறுத்தினார். மடியிலிருந்து கேமராவை எடுத்து அதன் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"சார், ஏலத்துக்கு முன்னால உங்களை ஒரு படம் எடுத்துக்கிடட்டா? கொஞ்சம் இடது பக்கமா நில்லுங்க. இன்னும் கொஞ்சம். தங்கப்பாண்டி, நீயும் சார் பக்கத்துல வா."

படம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அதிகாரி தலையைக் கோதிக்கொண்டார். தங்கப்பாண்டி சட்டைக் காலரைச் சரி செய்தார். பின்னாலிருந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"சிரிங்க. படம் இல்ல, வீடியோ. அசையாதிய."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நின்றார்கள். பலவேசம் நிமிரவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்யா சிரிக்கிறது?" என்றார் அதிகாரி.

"முடிஞ்சிட்டு சார். வந்து பாருங்க."

அதிகாரி வந்து குனிந்தார். தங்கப்பாண்டியும் குனிந்தார். இவர்கள் தலைக்கு மேல் ஊரே குனிந்தது. டீச்சர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

சின்னத் திரையில் குளக்கரை முழுசும் விழுந்திருந்தது. மேசை, மைக், ஏல அறிவிப்பு ஒட்டிய பலகை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அதிகாரி, காலரைப் பிடித்தபடி தங்கப்பாண்டி. அதிகாரிக்குத் தன் முகம் பிடித்திருந்தது என்பது அவர் தலையாட்டலிலேயே தெரிந்தது.

பிறகு படம் நகர ஆரம்பித்தது.

அதிகாரியின் முகம் பெரிதாகி ஓரத்துக்குப் போனது. அவர் தோள் மட்டும் நின்றது. தோளும் போனது. தண்ணீர் வந்தது, அல்லி இலை வந்தது, திட்டின் கரை வந்தது. கருவேல மரத்தின் தூர், அதற்கு மேல் கவட்டை, கவட்டைக்கு மேல் குச்சிக் குவியல். ஒரு நொடி எல்லாம் கலங்கிப் புகையாகிவிட்டது. பலவேசம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வருது, வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

கலங்கல் தெளிந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள் நின்றன. சிறகடித்து வந்து இறங்கிய தாய் குனிந்து தொண்டையிலிருந்து இரையைக் கக்கியது. மூன்றும் வாயைத் திறந்துகொண்டு அதன் மேல் விழுந்தன. கக்கியதைத் தின்று, மறுபடியும் வாயைத் திறந்தன.



"இன்னொரு தடவை போடுங்க," என்றார் அதிகாரி.

போட்டார். அதிகாரி தன் சிரிப்பிலிருந்து ஆரம்பித்துக் குஞ்சுகளின் வாய் வரைக்கும் மறுபடியும் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, தான் நின்ற இடத்தையும் அதற்குப் பின்னால் இருந்த திட்டையும் வெறும் கண்ணால் பார்த்தார்.

"பெரியவரே, இதை எனக்குக் கொடுங்க. இது எந்தக் குளம்னு கேட்டா, நான் நிக்கிறேனே தெரியலையான்னு நானே கேக்கிறேன்."

அவர் மைக்குக்குப் போனார். குஞ்சுகள் பறந்து போகிற வரைக்கும் ஏலம் தள்ளி வைக்கப்படுகிறது என்று அறிவித்தார்.

ஊர் வாயைத் திறந்தது. ஓசை வெளியே வருவதற்குள் பலவேசம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

"கத்தாதிய! யாரும் கத்தக் கூடாது! தாய் கூட்டுல இருக்கு!"

வாழ்நாள் முழுக்க ஊரை அலறவைத்தே பிழைத்த மனுஷர், மைக்கின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். அதற்குப் பிறகு நடந்த கொண்டாட்டத்தை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. கரை நெடுகத் துண்டுகள் பறந்தன. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். பெண்கள் குலவையிட வாயைக் குவித்து, சத்தமில்லாமல் நாக்கை மட்டும் ஆட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ பலவேசத்தைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். அத்தனை உயரத்திலிருந்து அவர் டீச்சரைத் தேடினார். டீச்சர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார். பலவேசத்துக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது.

கீழே இறக்கிவிட்டதும் தங்கப்பாண்டி வந்தார். ஏலம் போன வருத்தம் முகத்தில் இருந்தது. ஆனாலும் கேமராவை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமானா வாங்கியிருக்கிய அண்ணாச்சி. எவ்வளவு தூரம் போகும்?"

முப்பது என்று சொல்லத்தான் பலவேசம் வாயெடுத்தார். சொல்லவில்லை. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் தங்கப்பாண்டியிடம் சொன்னார்:

"உங்க காலடியில இருந்து அந்தக் கூடு வரைக்கும்."